தாய்வீட்டின் உடலியல்

புனே விமான நிலையத்தில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் லோஹேகாவ் என்ற பெயரைக் காதால் கேட்பதோடு சரி. அப்படி ஓர் ஊர் பக்கத்திலேயே இருப்பது தெரியாமல் வண்டி பிடித்து நகரத்துக்குள் போய்விடுவார்கள். ஓடுதளத்தை விமானப்படையும் பயணிகள் விமானங்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. சுகோய் போர்விமானம் ஒன்று கிளம்பினால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். 2017-இல் புனே மாநகராட்சிக்குள் வந்துவிட்ட இந்தக் கிராமத்துக்கு விமானங்களைவிட மிகப் பழைய பெருமை ஒன்று உண்டு. பக்திக் கவி துக்காராமின் தாய் கனகாய் பிறந்த ஊர் இது. தேஹுவில் வாழ்ந்த துக்காராம் கீர்த்தனம் பாட இங்கே அடிக்கடி வந்துபோவாராம். அவருக்கு லோஹேகாவ் ‘ஆஜோள்’.

ஆஜோள் என்றால் மராத்தியில் அம்மாவைப் பெற்றவர்களின் வீடு. பேரப்பிள்ளைகள் சொல்லும் சொல். அதே வீட்டை மகள் ‘மாஹேர்’ என்பாள். நம்முடைய பிறந்தகம், தாய்வீடு. பேச்சில் ‘அம்மா வீடு’. மாஹேருக்கு வந்திருக்கும் பெண் நேரம் கழித்து எழுந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும் வார்க்கரி பக்தர்கள் அந்தத் தலத்தையே தங்கள் மாஹேர் என்பார்கள். கடவுளிடம் போவதைச் சொல்ல இதைவிட நல்ல உவமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்.

லோஹேகாவிலிருந்து வாகோலிக்கு வந்து, அகமத்நகர் சாலையைப் பிடித்து, கோரேகாவ் பீமா பக்கம் திரும்பினால் வடு புத்ருக் என்ற கிராமம் வரும். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். சிவாஜியின் மகன் சம்பாஜியின் சமாதி இருக்கும் ஊர். 1997 பிப்ரவரி 2 அன்று அங்கே ஒரு சிறிய வீட்டில், போக்கிடம் இல்லாத பெண்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்குமான இல்லம் ஒன்று தொடங்கியது. அதன் பெயரே மாஹேர். தொடங்கியவர் லூசி குரியன், கேரளத்தில் பிறந்த கன்னியாஸ்திரி. சாதி, மதம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடமாக அதை அவர் நடத்திவருகிறார்.

அந்த வீட்டின் கதை 1991-இல் ஒரு சாயங்காலம் தொடங்குகிறது. அப்போது புனேயில் ஏழைப் பெண்களுக்கான வேறோர் அமைப்பில் லூசி குரியன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்து, கணவனால் உயிருக்கு ஆபத்து, இங்கே தங்க இடம் வேண்டும் என்று கேட்டாள். தங்கவைக்க அங்கே வசதியில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. நாளைக்கு வா, ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அன்று இரவே அவளைக் கணவன் கொளுத்திவிட்டான். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் தாயும் பிழைக்கவில்லை, வயிற்றுக் குழந்தையும் பிழைக்கவில்லை. லூசி குரியன் இதைப் பல மேடைகளில் தானே சொல்லியிருக்கிறார்.

ஏழாம் மாதம். நம்மூர்க் கணக்கில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் மாதம்.

இந்தக் கட்டுரை அந்த ‘நாளைக்கு வா’ என்பதைப் பற்றியது. வீடிழந்த தாய்க்கும் பிள்ளைக்கும் உதவ நினைக்கிறவர்கள் முதலில் யோசிப்பது சாப்பாடு, துணி, கவுன்சலிங், தையல் இயந்திரம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் மூளையையும் ஹார்மோன்களையும் பற்றித் தெரிந்துகொண்டவற்றை வைத்துப் பார்த்தால், வரிசை முக்கியம். எது முதலில், எது பிறகு, எதற்கு எத்தனை காலம் என்பதில்தான் பாதி மருத்துவம் இருக்கிறது.

ஆபத்து என்று மூளை முடிவுசெய்வதற்கு நம் அனுமதி தேவையில்லை. பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி, கதவு படாரென்று சாத்தப்படும் சத்தத்தையோ சாராய வாடையையோ அறிந்த கணத்திலேயே ஹைப்போதலாமஸுக்குச் செய்தி சொல்கிறது. அங்கிருந்து பிட்யூட்டரி, அதிலிருந்து சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அட்ரினலின் உடனே பாய்கிறது; கார்ட்டிசால் சில நிமிடங்களில் ஏறுகிறது. இதயம் அடித்துக்கொள்ளும், சர்க்கரை இரத்தத்துக்குள் வரும், செரிமானம் நின்றுபோகும். புலியைக் கண்டு ஓடுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. புலி போய்விட்டால் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியும் முன்மூளையும் சேர்ந்து, போதும், நிறுத்து என்கின்றன. எல்லாம் பழைய நிலைக்கு வரும்.

புலி வீட்டுக்குள்ளேயே இருந்தால்? அல்லது பேருந்து நிலையத்தில் கையில் குழந்தையோடு படுத்திருக்கும்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்றே தெரியாவிட்டால்? நிறுத்தும் ஏற்பாடு களைத்துப்போகிறது. சாதாரணமாகக் கார்ட்டிசால் விடிகாலையில் உயர்ந்து இரவில் தாழும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியே தூக்கமும் பசியும் நடக்கின்றன. நாள்பட்ட பயத்தில் அந்தத் தாளம் தடுமாறுகிறது. சிலருக்கு இரவிலும் இறங்குவதில்லை. சிலருக்கு நாள் முழுவதும் சமதரையாகிவிடும். அவர்கள் எதற்கும் எழ முடியாமல் கிடப்பார்கள். உடல் இப்படிச் சமாளித்துச் சமாளித்துத் தேய்வதை அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மக்யூவன் 1990-களில் விரிவாக விளக்கினார். நடைபாதையில் படுக்கும் தாய் முந்தானை நுனியைப் பிள்ளையின் காலில் முடிந்துகொண்டு தூங்குகிறாள். அதைத் தூக்கம் என்று சொல்வதுகூட நம் வசதிக்காகத்தான்.

இந்தக் காயத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? பேரதிர்ச்சி, மனக்காயம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் உண்டாக்கிய பாதிப்பைப் பற்றி எழுதிய தமிழ் நூலுக்கு ‘மனவடு’ என்று பெயர். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. வடு என்றால் புண் மூடியிருக்கிறது. தொட்டால் தோல் இன்னும் வேறுமாதிரி இருக்கிறது.

மனவடுவில் நினைவு படும் பாட்டைக் காவல் நிலையத்தில் இருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. அளவுக்கு மீறிய பயத்தின்போது, நடந்ததைக் காலவரிசையில் கட்டித்தரும் ஹிப்போகேம்பஸ் சரியாக வேலை செய்வதில்லை. அமிக்டலாவோ மும்முரமாக வேலை செய்கிறது. விளைவு, கணவன் கையிலிருந்த மண்ணெண்ணெய் கேனின் நிறம் துல்லியமாக நினைவிருக்கும். அது செவ்வாயா புதனா என்று கேட்டால் தெரியாது. இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வாள். ‘மாத்தி மாத்திப் பேசுறா, பொய்தான்’ என்று எழுதிவிடுகிறோம்.

அடைக்கல இல்லங்களிலும் இதே தவறு வேறு வடிவில் நடக்கும். வந்த இரவே உட்காரவைத்து, என்ன நடந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிடு, மனசு லேசாகும் என்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அதிர்ச்சி ஆறும் முன்பே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்கு அது கேட்டையே செய்தது. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், அண்மையில் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் இதைச் செய்ய வேண்டாம் என்றது; தூக்கத்துக்காக வாலியம் வகை மாத்திரைகளை எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. அதற்குப் பதிலாகப் பரிந்துரைக்கப்படுவது மிக எளிய காரியம். ஆபத்தில்லாத இடம், சாப்பாடு, பேசினால் கேட்பது, பேசாவிட்டால் விட்டுவிடுவது, அவளுக்கு வேண்டியவர்களோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவது. மாஹேருக்கு வந்த மகளிடம் வாசலிலேயே காரணம் கேட்காத கிழவிகளுக்கு இதெல்லாம் யாரும் வழிகாட்டுதல் எழுதித் தராமலே தெரிந்திருந்தது.

இனி பிள்ளைகளுக்கு வருவோம். இங்கே ஓர் எலிக் கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நான் படித்தவற்றுள் மனதை விட்டு அகலாதது அதுதான்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டாலி பராம் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் செய்த சோதனை. குட்டி போட்ட தாய் எலிக்குக் கூடு கட்டக் காகித நார் வேண்டும். சோதனைச்சாலையில் அதைத் தாராளமாகப் போட்டுவைப்பது வழக்கம். பராமின் குழு அதைக் குறைத்தது. குட்டிகள் பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை, கம்பிவலைத் தரையும் கூட்டுக்குப் போதாத காகிதத் துண்டும் மட்டும். சோறு, தண்ணீருக்குக் குறைவில்லை. யாரும் குட்டிகளைப் பிரிக்கவில்லை, தாயை அடிக்கவில்லை. வீடு கட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

தாய் குட்டிகளை விட்டு ஓடிவிடவில்லை. பால் கொடுத்ததும் நக்கிக்கொடுத்ததும் கூட்டிப் பார்த்தால் மற்றத் தாய்கள் செய்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தது. வேறுபாடு ஒழுங்கில். நக்கத் தொடங்குவாள், பாதியில் எழுந்து போவாள், காகிதத்தை இழுத்துப் பார்ப்பாள், திரும்பி வந்து குட்டிமேலேயே மிதிப்பாள், பால் கொடுப்பாள், மறுபடி எழுந்து போவாள். அடுத்து என்ன வரும் என்று குட்டிக்குத் தெரியாது. பத்தாம் நாளிலிருந்து எல்லாம் சாதாரணக் கூண்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் குட்டிகள் வளர்ந்தபோது நினைவுச் சோதனைகளில் பின்தங்கின. இனிப்பில், விளையாட்டில் மற்ற எலிகள் காட்டும் ஆசை அவற்றிடம் குறைந்திருந்தது. ஒரு வாரத்தின் கூடில்லாமை நடுவயது வரை கூடவே வந்தது.

தாயின் செய்கைகளில் எதற்குப் பின் எது வரும் என்பது எந்த அளவுக்கு ஊகிக்கத்தக்கதாக இருக்கிறது என்பதை எண்ணாகக் கணக்கிட பராமின் குழுவினர் வழி கண்டுபிடித்தார்கள். அதே கணக்கை மனிதத் தாய்களும் கைக்குழந்தைகளும் விளையாடும் வீடியோக்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள். தாயின் முகம், குரல், தொடுகை இவை ஒழுங்கற்று வந்துபோன குழந்தைகள் பிறகு அறிவுச் சோதனைகளில் சற்றுப் பின்தங்கியிருந்ததாக 2017-இல் முடிவு வெளியானது. எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் கெட்ட தாய் என்று நாம் பெயர் வைப்பதில் எவ்வளவு பங்கு காகிதம் போதாமை என்று கேட்க இது போதும். பிளாட்பாரத்தில் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் லத்தியைப் பார்த்ததும் பாதியில் எழுந்து ஓடுகிறாள். அவளுக்குக் குழந்தை வளர்ப்பு வகுப்பு எடுப்பதைவிடக் கதவுள்ள ஓர் அறை தருவது நல்ல மருத்துவம்.

குழந்தைக்குத் தாயின் முகம் எவ்வளவு முக்கியம் என்பதை எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் காட்டினார். தாய் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். சொன்னதும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஓரிரு நிமிடம் குழந்தையையே பார்ப்பாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சோதனையில் இரண்டு நிமிடம்தான். பிறகு தாய் சிரித்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும். அடிபட்டு உறைந்துபோன பெண்ணின் முகம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்மை: நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிறு குழந்தையின் கார்ட்டிசால், பயமுறுத்தும் சூழலிலும் அவ்வளவாக ஏறுவதில்லை. பிள்ளைக்குத் தாய்தான் மருந்து. ஆகவே தாயை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற கதை.

சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் குழுவினர் இதைச் சிகிச்சையாகவே செய்துபார்த்தார்கள். வீட்டில் வன்முறையைக் கண்ட பள்ளி வயதுக்கு முந்தைய 75 குழந்தைகள், அவர்களுடைய தாய்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, சுமார் ஓராண்டு, தாயும் பிள்ளையுமாகச் சேர்ந்து வந்தார்கள். தரையில் உட்கார்ந்து விளையாட்டு. பொம்மை பொம்மையை அடிக்கும்போது அதைப் பற்றிப் பேச்சு. 2005-இல் வந்த முடிவில் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களும் பயமும் குறைந்திருந்தன. தாய்களின் மனவடு அறிகுறிகளிலும் தணிவு தெரிந்தது. ஓராண்டு என்பதைக் கவனியுங்கள். நம்மூரில் ‘ரெண்டு சிட்டிங் போதும்’ என்பார்கள்.

வீடற்ற குழந்தைகளைப் பற்றிய அறிவியலுக்கே ஒரு பிறந்த தேதி உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா முழுக்க அநாதைப் பிள்ளைகள் திரிந்தபோது, வீடிழந்த குழந்தைகளின் தேவை என்ன என்று ஆராய 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை முடிவெடுத்தது. அதன் தொடர்ச்சியாக உலக சுகாதார நிறுவனம் லண்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் பொறுப்பைக் கொடுத்தது. 1951-இல் அவர் தந்த அறிக்கை, நல்ல சோறும் சுத்தமான கட்டிலும் போதாது, நிலையான ஒருவரின் நெருக்கம் வேண்டும் என்று வாதிட்டது. அதற்கு மறுக்க முடியாத சான்று ருமேனியாவில் கிடைத்தது. புகாரெஸ்ட் நகரில் அரசு விடுதிகளில் கிடந்த 136 சிறு குழந்தைகளில் குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவின்படி குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் மிக நன்றாக.

வடு புத்ருக்கில் தொடங்கிய மாஹேர் பல இடங்களில் கிளைவிட்டாலும், குழந்தைகளைப் பெரிய விடுதியாகக் குவிக்காமல் சிறுசிறு இல்லங்களாக, ஒவ்வொன்றுக்கும் ‘இல்லத் தாய்’ வைத்து நடத்துகிறது. அந்த இல்லத் தாய்களில் பலர் ஒரு காலத்தில் அடிபட்டு, பிள்ளையோடு அங்கே அடைக்கலம் தேடி வந்தவர்கள். மாண்ட்ரியாலில் மைக்கேல் மீனி செய்த எலிச் சோதனைகளில் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. குட்டிகளை அதிகம் நக்கிக்கொடுக்கும் தாயிடம் வளர்ந்தவை பயத்தை அடக்கத் தெரிந்தவையாக வளர்கின்றன. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் மாற்றிவிட்டால் அதுவும் அப்படியே வளர்கிறது. பெற்றவள்தான் வேண்டும் என்பதில்லை, வளர்க்கிறவள் நிலைத்திருந்தால் சரி. நம் அத்தைகளும் சித்திகளும் எத்தனை பிள்ளைகளை இப்படித் தூக்கிவிட்டிருக்கிறார்கள்!

அரசு விதிகள் இந்த இடத்தில்தான் அறிவியலோடு மோதுகின்றன. துயரில் உள்ள பெண்களுக்கான மத்திய அரசின் ஸ்வாதார் கிருஹத் திட்டத்தில், 8 வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை தாயோடு தங்க முடியாது, குழந்தைகள் இல்லத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று விதி இருந்தது. குடும்ப வன்முறையால் வந்த பெண்ணுக்குத் தங்கும் காலமும் ஓராண்டாகத்தான் இருந்தது. அந்தத் திட்டம் இப்போது சக்தி சதன் என்ற பெயரில் வேறொன்றோடு சேர்ந்துவிட்டது. ஒன்பது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்தவன். குறுக்கே விழுந்து தானும் அடி வாங்கியவன். அம்மா தப்பித்தது நல்லதா கெட்டதா என்று அவன் எப்படி முடிவு செய்வான்? மகனை விட்டுப் பிரிய வேண்டுமே என்று பயந்து எத்தனை பெண்கள் அந்த வாசலுக்கே வராமல் இருந்திருப்பார்கள்? விதி எழுதியவர்களின் காரணம் புரிகிறது, மற்றப் பெண்களின் பாதுகாப்பு. ஆனால் தனி அறை கட்ட முடியாததற்குப் பிள்ளையைப் பிரிப்பது தீர்வாகாது.

அடுத்தது சொந்தக் காலில் நிற்பது. இங்கே நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் வருகிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறிவுச் சோதனை ஒன்று வைக்கப்பட்டது. அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அறுவடைக்கு முன் நகை அடகுக் கடையில் இருக்கும், கடன்காரன் வாசலில் இருப்பான். அதே ஆள், அதே மூளை. கை காய்ந்திருக்கும் மாதங்களில் புதிர்களை மெதுவாகவும் தவறாகவும் செய்தார், பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. பாதிப்பின் அளவைப் பற்றிப் பிறகு விவாதங்கள் எழுந்தன. இருந்தாலும் கைக்கும் வாய்க்குமாக இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாத உண்மை அதில் இருக்கிறது: இன்றைக்கு என்ன என்ற கவலை மூளையில் இடம் பிடித்துக்கொண்டால், அடுத்த மாதத்தை யோசிக்க இடமில்லை. வீட்டை விட்டு வந்து பத்தாம் நாள் வழக்கு, ஆதார் முகவரி மாற்றம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தையலா அழகுக்கலையா என்று எல்லாவற்றையும் ஒரு பெண்முன் விரித்து, முடிவெடு என்று சொல்லும்போது, அவள் விழிப்பதை நாம் மந்தபுத்தி என்று படிக்கிறோம்.

அமெரிக்காவில் வீடற்ற குடும்பங்களை வைத்தே பெரிய ஒப்பீடு நடந்தது. 12 இடங்களில், பிள்ளைகளோடு காப்பகத்துக்கு வந்த 2,282 குடும்பங்கள். குலுக்கலில் சிலருக்கு நீண்டகால வாடகை மானியம், சிலருக்குக் குறுகிய கால மானியம், சிலருக்கு ஆலோசனையும் பயிற்சியும் சேர்ந்த இடைக்கால விடுதி. இருபது மாதம் கழித்துப் பார்த்தால் நீண்டகால வாடகை மானியம் மட்டும் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள்தான் முன்னே நின்றன. மறுபடி தெருவுக்கு வந்தது குறைந்தது. பிள்ளைகள் பள்ளி மாறியது குறைந்தது. தாய்களின் மன உளைச்சல் குறைந்தது. துணைவனிடம் அடிபடுவதும் பாதியாகக் குறைந்தது. இது என்னைக் கொஞ்சம் யோசிக்கவைத்தது. வாடகை மானியம் எப்படி அடியைத் தடுக்கும்? போக இடம் இருந்தால் திரும்பிப் போக வேண்டியதில்லை. நம்மூரில் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது. உரிமை தாளில் இருக்கிறது. அந்த வீட்டுச் சாவியோ அவன் பையில் இருக்கிறது.

வருமானத்துக்கும் இதேபோல் சோதிக்கப்பட்ட வரிசை உண்டு. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய முறையில், மிக ஏழைப் பெண்ணுக்கு ஆடோ கோழியோ கடைச் சரக்கோ கொடுப்பார்கள். கூடவே முதல் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணமும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்டை விற்றுத்தான் அரிசி வாங்குவாள். பயிற்சி, சேமிப்புக் கணக்கு, வாராவாரம் வந்து பார்த்துப் பேசும் ஒருவர், எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு ஆண்டு. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் செய்த ஒப்பீட்டில், உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் பலன் நிலைத்ததாக 2015-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் எழுதினார்கள். தையல் இயந்திரத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் விழாக்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. துணி கொடுக்க ஆள் இல்லாமல், வாடகைக்கு வீடு பிடிக்க அட்வான்ஸ் இல்லாமல், ‘தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு இல்லை’ என்ற பதிலோடு அந்த இயந்திரம் எத்தனை நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்?

சென்னையில் தி பேன்யன் என்ற அமைப்பு இந்தக் கடைசிச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டியது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் 1993-இல், தெருவில் திரிந்த மனநலம் குன்றிய பெண்களுக்காகத் தொடங்கியது. சிகிச்சை பெற்றுத் தேறியவர்களில் சிலரைக் குடும்பம் ஏற்கவில்லை; அவர்கள் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார்கள். 2015-இல் அமைப்பினர் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு எடுத்து, நாலைந்து பெண்களாகக் குடிவைத்தார்கள். தேவைக்கேற்ற உதவிக்கு ஆள் உண்டு. சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டம்மாவோடு தண்ணீருக்குச் சண்டை போடுவது, எல்லாம் அவர்கள் பாடு. அந்தச் சண்டையும் குணமடைதலின் ஓர் அங்கம்தான் என்பது என் கருத்து.

புனே இந்த விஷயத்தில் புதிய ஊரல்ல. கைவிடப்பட்ட கர்ப்பிணி விதவைகள் பிள்ளை பெற்றுக்கொள்ள ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1863-லேயே தம் வீட்டில் இடம் கொடுத்தார்கள். பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, பிறகு கைக்குழந்தையோடு விதவையான பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனை அடுத்த ஆண்டே புனேக்குக் கொண்டுவந்தார். நம் சகோதரி சுப்பலட்சுமி 1912-இல் சென்னையில் குழந்தை விதவைகளைத் தம் வீட்டில் சேர்த்துப் படிக்கவைத்தார். இவர்களில் யாருக்கும் கார்ட்டிசால் என்ற பெயர் தெரியாது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), மணமான 18–49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் மகாராஷ்டிரத்தில் 25.2 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1. இந்திய சராசரி 29.3. நம் மாநிலம் இந்தக் கணக்கில் மகாராஷ்டிரத்தைவிட மோசம் என்பதை இந்தப் புனேக் கதை படிக்கிற தமிழர் தெரிந்துகொள்ள வேண்டும். கணவனை விட்டு வந்தவளுக்கு ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல்லைச் செய்துவைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே, ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று மகளை மறுபடி பஸ் ஏற்றிவிட்ட அப்பாக்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள்.

உங்கள் மகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, வீட்டு வேலைக்கு வருகிறவரோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராத்திரியில் வந்து நின்றால், அன்று இரவு மட்டுமாவது உள்ளே விடுங்கள். எதையும் கேட்க வேண்டாம். குழந்தைக்குப் பால் காய்ச்சுங்கள். உங்களால் முடியாதென்றால் 181-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து அந்த எண் இயங்குகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.